சட்டம்

காலை ஆறரைக்கே வேன்கள் வந்துவிட்டன.
கெம்பன் மணல் இரவெல்லாம் மழை குடித்துப்
பூரிக்குப் பிசைந்த மாவாய்க் கிடந்தது.
என் மேசையில் வெர்னியர், டார்ச்சு,
பெயின்ட் கரைக்கும் திரவம் ஒரு டப்பா,
ஓரம் சுருண்ட விதிப்புத்தகம்.

அறுபத்தெட்டுக்கு முந்திய வகுப்பு.
டிஸ்க் பிரேக் ஆகாது.
பின்சக்கரம் நான்கு அங்குலத்துக்கு மேல் துள்ளக் கூடாது.
பிஸ்டன் புதிதாகலாம், சங்கிலி, டயர்,
தேய்வதெல்லாம் மாறலாம்.
மாறக் கூடாதது சட்டம் மட்டும்.
சட்டம் பிறந்த ஆண்டே வண்டி பிறந்த ஆண்டு,
கழுத்துக் குழாயில் குத்திய எண்ணே அதன் பெயர்.

பதினோராவதாக வந்தார் கோமார்.
பன்றி வளர்ப்பவர். கொட்டகையில் ஒன்பது ஹஸ்க்வர்னா.
ஒன்றைக்கூட விற்றதில்லை,
மனைவியின் காரை விற்றிருக்கிறார்.
எண்ணைக் குறித்துக்கொண்டு பச்சை ஒட்டினேன்.

பத்தொன்பதாவது ஓடில், பல் டாக்டர்.
அவர் வண்டியில் என் முகம் தெரிந்தது,
சற்று அகலமாக.
குனிந்து டார்ச்சு அடித்தேன்.
இரண்டு, ஒன்று, ஏழு, மூன்று, ஒன்பது.

எண்களை உரக்கப் படிப்பது என் கெட்ட பழக்கம்.
டயர் கிடங்கில் கணக்கெழுதி வந்தது.
வரிசையின் முன்னால் ஒரு தலை திரும்பியது.
"அது என் எண்" என்றார் கோமார்.

ரசீதுகள் நீண்டன.
ஒன்று லீஜில் ஒரு விதவை எழுதியது,
ஒன்று ஜெர்மன் சந்தையில் பென்சிலால்.
"கண்ணில் மண்ணைத் தூவப் பார்க்கிறான்!"
மண்ணைத் தவிர வேறொன்றுமில்லாத
அந்த மைதானத்தில் கோமார் கத்தினார்.

திரவத்தைத் தடவித் துடைத்தேன்.
கோமாருடைய மூன்று தட்டைத் தலை மூன்று:
தொழிற்சாலை குத்தியதுதான்.
ஆனால் கழுத்துக்கு ஒரு சாண் கீழே
குழாயைச் சுற்றி மோதிரம்போல ஒரு வெல்டு.
அதற்கும் கீழே எல்லாம் நேற்றைய இரும்பு.

ஓடிலுடைய மூன்று உருண்டை.
யாரோ பட்டறையில் கையால் அடித்தது.
அதே ஒரு சாண், அதே மோதிரம்.
அதற்குக் கீழே
பித்தளை வழிந்த பழைய இணைப்புகள்,
பூட்ஸ் உரசி உரசித் தேய்ந்த பள்ளம்,
எவருடைய காலோ.

எவனோ ஒருவன்
ஒரே வண்டியை அறுத்து இரண்டாக விற்றிருக்கிறான்.
ஒருவருக்குப் பெயர்,
ஒருவருக்கு எலும்பு.

புத்தகத்தைப் புரட்டினேன், மழை ஒட்டவைத்த பக்கங்களை
நகத்தால் பிரித்துப் பிரித்து.
சட்டம் அசலாக இருக்க வேண்டும் என்கிறது.
எவ்வளவு இருந்தால் சட்டம் என்று
சட்டத்தில் இல்லை.

கோமாரின் பச்சையை உரித்தேன்.
ஓடிலுக்கு ஒட்டவேயில்லை.
யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாயிருந்தது.

முதல் ஓட்டத்துக்கு வேலி சாய்ந்தது.
முப்பது வண்டிகள், ஒரே நீலப் புகை,
ஆமணக்கெண்ணெய் கருகும் வாசம்.
இருவரும் ஒரே ரப்பர் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார்கள்,
நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு,
பந்தயத்துக்கு முதுகு காட்டி,
எதிரே நின்ற தங்கள் வண்டிகளைப் பார்த்தபடி.

மாலையில் கூடாரம் பிரிக்கும்போது வந்தார்கள்.
வெர்னியர் வேண்டுமாம்.
மணலில் மண்டியிட்டார் டாக்டர்,
"இன்னும் கொஞ்சம் திற" என்றார் பழக்கத்தில்,
குழாயிடம்.
பன்றிக்காரர் தீவன அட்டையின் பின்னால் எழுதினார்.
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
அதே அளவு, மயிரிழை பிசகாமல்.

"சேர்க்கலாம்."
"சேர்க்கலாம்தான்."
"எந்த டாங்க்?"
"முதலில் யாருடையதை அறுப்பது?"

அதற்குள் இருட்டிவிட்டது.
இரண்டு வேன்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின,
பின்னது முன்னதன் விளக்கை நம்பி.
என் வெர்னியர் எதில் போனதென்று தெரியவில்லை.
இன்னும் திரும்பி வரவில்லை.
நான் கேட்கவுமில்லை.